காவலரா, தந்தையா?

தஞ்சை மன்னர் துளசா 1787ஆம் ஆண்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, பிள்ளையில்லாக் குறை தீரச் சரபோசி என்னும் பத்து வயதுச் சிறுவனைச் சுவிகாரம் எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு அப்பிள்ளையைக் காக்கும் பொறுப்பை ஒரு கிறித்தவப் பாதிரியாரிடம் ஒப்படைத்தார். அவர்தாம் பிரஷ்ய நாட்டிலிருந்து வந்து, தமிழ் கற்று, தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்சு ஐயர். துளசா கண்ணை மூடியதும் தத்து செல்லாது என்று சொல்லி அமர்சிங் அரியணை ஏறினார். செல்லும், செல்லாது என்று பண்டிதர்களும் கும்பெனியாரும் பத்தாண்டுக் காலம் வாதாடிய பின்னரே, 1798இல், சரபோசிக்கு முடி கிடைத்தது. அதைக் காணச் சுவார்ட்சு உயிரோடு இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். சரபோசி அவருக்கு எழுப்பிய சலவைக்கல் நினைவுச் சின்னம் தஞ்சைத் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது.

மன்னர் தந்தையானார், பாதிரியார் காவலரானார். இருவரில் பிள்ளையிடம் யாருக்குப் பாசம் மிகுதி என்று கேட்டால் வரலாறு பாதிரியார் பக்கம் சாயவும் கூடும். ஆயினும் அரியணை உரிமையைத் தந்தது தந்தை என்ற சொல்லே. இவ்விரு சொற்களுக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தில் இந்தியக் கிறித்தவக் குடும்பங்கள் பல விழுந்து எழுந்திருக்கின்றன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. இங்கே தில்லியில் விடுதி நண்பர்கள் சிலர், "உங்களவர்கள் தத்து எடுக்கலாமா? உங்கள் மதத்தில் அதற்கு இடமுண்டா?" என்று என்னைக் கேட்டதுண்டு. சாப்பாட்டு மேசையில் ஒரே மூச்சில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று அது. ஆகவே நம் மன்றத்து இதழில் சற்று விரிவாக எழுத முற்பட்டேன். நான் சட்டம் பயில்பவன் அல்லன், விலங்கியல் மாணவன். ஆனால் வீட்டிலேயே ஒரு சிக்கல் முளைத்துவிட்டால் சட்டப் புத்தகம் தானாகவே கைக்கு வந்துவிடும்.

முதலில் மதத்தை எடுத்துக்கொள்வோம். கிறித்தவ வேதத்தில் தத்தெடுப்புக்குத் தடை ஒன்றும் இல்லை. தடை இல்லை என்பதோடு நில்லாமல், கதைக்குக் கதை தத்துப் பிள்ளைகளே வருகிறார்கள். நாணற்பெட்டியில் மிதந்து வந்த மோசேயைப் பார்வோனின் மகள் தன் மகனாக வளர்த்தாள். தாய் தந்தையற்ற எஸ்தரை மொர்தெகாய் மகளாக ஏற்றுக்கொண்டான். நாசரேத்துத் தச்சன் யோசேப்பு, தான் பெறாத பிள்ளைக்குத் தந்தையாக நின்றான். புதிய ஏற்பாட்டில் பவுல் அடிகள் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எபேசியருக்கும் எழுதிய நிருபங்களில், மனிதன் கடவுளின் பிள்ளையாவதைச் சொல்வதற்கு எடுத்தாண்ட உவமையே தத்தெடுப்புத்தான். அக்கால ரோமரிடையே தத்து என்பது அரைகுறை உறவன்று. தத்துப் பிள்ளைக்குப் புதுத் தந்தையின் பெயரும் வரும், சொத்தும் வரும். சீசர் தம் உயிலில் மகனாக ஏற்றுக்கொண்ட பிள்ளைதான் பின்னாளில் அகஸ்து பேரரசர் ஆனார். அந்த நிருபங்களைப் படித்தோருக்குப் பவுல் சொன்னதன் பொருள் உடனே விளங்கியிருக்கும்.

பவுலின் அந்தக் கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ் வேதாகமத்தார் கண்ட சொல் 'புத்திரசுவிகாரம்'. நம் இந்துப் பெரியோர் தம் சாத்திரத்தில் வழங்கிய அதே சுவிகாரம்! எங்கள் ஊர்த் தேவாலயத்தில் இச்சொல்லைக் கேளாமல் நான் வளர்ந்ததில்லை. பிரசங்க பீடத்தில் இத்தனை உரிமையோடு வழங்கிய சொல், தேவாலயத்தை விட்டு வெளியே வந்து நீதிமன்றப் படி ஏறினால் மட்டும் செல்லாக் காசாகிவிட்டது. ஏன்?

காரணம் மதத்தில் இல்லை, இங்கிலாந்தில் இருக்கிறது. இந்துக்களுக்குத் தத்து என்பது இறுதிக் கடன் செய்யவும் குலம் விளங்கவும் ஏற்பட்ட பழைய முறை. அதை 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுத்தல், ஜீவனாம்சச் சட்டம் ஒழுங்கு செய்தது. அச்சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கே உரியது. கிறித்தவருக்கோ ஆங்கிலேயர் தம் ஊர் வழக்கத்தை அடியொற்றி 1865இல் ஒரு வாரிசுரிமைச் சட்டம் செய்தனர். அதுவே 1925இல் இந்திய வாரிசுரிமைச் சட்டமாகத் திருத்தி அமைக்கப்பட்டது. ஆங்கிலேயரின் பொதுச் சட்டத்துக்குத் தத்து என்ற ஒன்றே தெரியாது. நிலமும் பட்டமும் பெற்ற பிள்ளைக்கே போகவேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். இங்கிலாந்தில் முதல் தத்தெடுப்புச் சட்டம் பிறந்ததே 1926ஆம் ஆண்டில்தான். அப்போதும் தத்துப் பிள்ளைக்கு வளர்த்தவர் சொத்தில் வாரிசுரிமை கிடைக்க 1949 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நமது வாரிசுரிமைச் சட்டம் அந்த முதல் சட்டத்துக்கு ஓராண்டு முந்தியது! ஆங்கிலேயர் தம் வீட்டில் பின்னர் குறையைத் திருத்திக்கொண்டனர். இங்கே விட்டுப்போன குறையோ அப்படியே நின்றுவிட்டது. கிறித்தவம் தத்தை ஏற்காது என்று பலரும், கிறித்தவர்களே பலரும், நம்பிவிட்டனர். சிறுபான்மையோர் சட்டம் என்றால் எல்லாம் வேதத்திலிருந்து வந்தது என்று எண்ணிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா?

சட்டம் இல்லையென்றால் பிள்ளை எடுக்க விரும்பிய கிறித்தவர் என்ன செய்தனர்? 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டனர். மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்து 'கார்டியன்' ஆகலாம். பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கலாம், படிக்க வைக்கலாம். நீதிமன்றம் காரணம் கண்டால் கார்டியனை நீக்கவும் செய்யலாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்தால் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துபோகும்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் பெரியப்பா பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியர். மணமாகிப் பதினோராண்டு பிள்ளையில்லை. 1995இல், மருத்துவமனையில் கைவிடப்பட்ட ஒரு பெண் குழந்தையைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் நீதிமன்ற உத்தரவு பெற்று வீட்டுக்குக் கொண்டுவந்தனர். அவர்தாம் என் அக்கா. உத்தரவில் இருவர் பெயருக்கும் நேரே கார்டியன் என்று இருந்தது. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் ஞானஸ்நானம். ஐயர் பதிவேட்டைத் திறந்து, தகப்பன் பெயர், தாய் பெயர் என்ற இடங்களில் அவர்கள் இருவர் பெயரையும் தயங்காமல் எழுதினார் என்று பெரியம்மா சொல்லுவார். சபை ஒரே வாரத்தில் தந்ததை அரசாங்கம் தரவில்லை. பள்ளியில் சேர்த்தபோது தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் 'கார்டியன்' என்று அடைப்புக்குறிக்குள் ஏறிற்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை அது அக்காவைத் தொடர்ந்து வந்தது.

பெரியப்பா 2008இல் மாரடைப்பால் திடீரென்று இறந்தார். உயில் எழுதவில்லை. நாற்பத்தொன்பது வயதில் யார்தான் உயிலை நினைக்கிறார்கள்? அவர் கடன் வாங்கிக் கட்டிய வீடு ஒன்று இருந்தது. இங்கேதான் 1925ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்குள் நுழைந்தது. உயில் இல்லாமல் இறந்த கிறித்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கும் பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இல்லையென்றால் மனைவிக்குப் பாதி. மறுபாதி இரத்த உறவினருக்கு. தாய் தந்தையர் முன்பே இறந்துபோனதால் உடன்பிறந்தோருக்குச் சமபங்கு. பெரியப்பாவின் உடன்பிறந்தோர் மூவர்: என் தந்தை, பெரிய அத்தை, சின்ன அத்தை. ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. அக்காவுக்கு? ஒன்றுமில்லை என்றார் வக்கீல். பதின்மூன்று வயதுப் பெண், அப்பா என்று அழைத்தவரின் வீட்டில் ஒரு செங்கல்லுக்கும் உரியவள் அல்லள். ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறைக்கு வந்துபோகும் என் தந்தை உரியவர்!

என் தந்தையும் பெரிய அத்தையும் தம் பங்கைப் பெரியம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர். சின்ன அத்தை எழுதவில்லை. அவர் கெட்டவர் அல்லர். பண்டிகை தோறும் அக்காவுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தவர். அம்மை போட்டபோது இரவெல்லாம் அருகிலிருந்து விசிறியவர். ஆனால் வீடு என்று வந்தபோது, "யார் பெத்த பிள்ளையோ, அதுக்கா எங்க அண்ணன் வீடு?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு வாய்ப்புக் கொடுத்ததே சட்டந்தான் என்று நான் இப்போது எண்ணுகிறேன். சட்டம் மகள் என்று எழுதியிருந்தால் அத்தைக்கு அந்த எண்ணம் தோன்றியிருக்குமோ என்னவோ! பெரியம்மா நகைகளை விற்று அந்த ஆறில் ஒரு பங்குக்குரிய தொகையை 2011இல் கொடுத்தார். வழக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம். 1999இலேயே கேரள உயர்நீதிமன்றம், ஒரு கிறித்தவத் தம்பதியர் எடுத்து வளர்த்த மகனுக்குச் சொத்துரிமை உண்டு என்று தீர்ப்பளித்திருந்தது. ஆனால் நாத்தனார் மேல் வழக்குப் போடப் பெரியம்மாவுக்கு மனம் வரவில்லை.

நிற்க. 'இரத்தம்' என்ற சொல்லைப்பற்றி விலங்கியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தந்தையின் இரத்தம் ஒரு துளியும் பிள்ளை உடம்பில் ஓடுவதில்லை. தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் நஞ்சுக்கொடியில் அருகருகே ஓடினும் ஒன்றாகக் கலப்பதில்லை. இதைவிட வேடிக்கை, இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் அணுக்கள் முதிர்ந்தபின் உட்கருவையே இழந்துவிடுகின்றன. பரம்பரைப் பண்பைச் சுமக்கும் மரபணு அவற்றில் இல்லவே இல்லை. ஆகவே இரத்த பாசம், இரத்த உறவு என்று நாம் மேடையில் முழங்குவதெல்லாம் உவமையே. சின்ன அத்தையிடம் இதை ஒருமுறை விளக்கினேன். "படிச்சவன் பேச்சு விளங்காது, காப்பியைக் குடி" என்று சொல்லிவிட்டார்.

சட்டத்தைத் திருத்த முயற்சி நடக்காமல் இல்லை. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா ஒன்று 1972இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. தம் சமயநெறிக்கு ஒவ்வாது என்று முஸ்லிம்கள் எதிர்த்தனர். 1978இல் அது திரும்பப் பெறப்பட்டது. 1980இல் முஸ்லிம்களை நீக்கி மறுபடியும் ஒன்று வந்தது. பார்சிகள் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழ, அதுவும் சட்டமாகவில்லை. கதவு திறந்தது எவரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து. கைவிடப்பட்ட குழந்தைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டில் வந்த இளைஞர் நீதிச் சட்டத்தில் தத்தெடுப்புக்கும் ஓர் இடம் அளிக்கப்பட்டது. பெற்றோரின் மதம் என்ன என்று அச்சட்டம் கேட்கவில்லை. 2006இல் செய்த திருத்தம், தத்துப் பிள்ளை எல்லா உரிமைகளோடும் சட்டப்படியான பிள்ளையே என்று விளக்கம் தந்தது. ஆயினும் கிறித்தவர் சென்றால் பழைய வழக்கப்படி கார்டியன் விண்ணப்பத்தையே நீட்டிய இடங்கள் உண்டு. ஷப்னம் ஹாஷ்மி என்னும் பெண்மணி தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2014 பிப்ரவரி 19ஆம் நாள், எந்த மதத்தினரும் இச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம், தம் மதச் சட்டம் அதற்குத் தடையாகாது என்று தெளிவாக்கியது. எடுக்க விரும்பாதவரை எவரும் வற்புறுத்தவில்லை. விரும்புவோருக்கு வழி உண்டு என்பதே தீர்ப்பு. இப்போது நடைமுறையில் உள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து உட்பட எல்லா நோக்கங்களுக்கும் அவர் பிள்ளையே என்கிறது. அந்த ஒரு வரி 1995இல் இருந்திருந்தால் பெரியம்மாவின் நகை கழுத்தில் இருந்திருக்கும்.

அச்சட்டத்தின்படி நடப்பது எவ்வாறு என்பதை என் அக்கா வழியாகவே அறிந்தேன். அக்காவுக்கும் அத்தானுக்கும் 2019இல் திருமணம் ஆயிற்று. பிள்ளை பிறக்காத குறையால் அன்று, பிறப்பதற்கு முன்பே ஒரு பிள்ளையை எடுப்பது என்று பேசிவைத்தே மணந்துகொண்டவர்கள் அவர்கள். மணமாகி ஈராண்டு நிறைந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். 2021 டிசம்பரில் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்தனர். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, வருமானம் முதல் மாமியார் மனநிலை வரை விசாரித்து அறிக்கை எழுதினார். பிறகு வரிசை. வரிசை என்றால் சாதாரண வரிசை அன்று, மூன்றாண்டுக்கு மேல் நகர்ந்த வரிசை. தம்பதியர் இருவரின் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமானால் கூட்டுத்தொகை 85க்கு மேற்படலாகாது. இரண்டு முதல் நான்கு வயதுக்கு 90, எட்டு வயது வரை 100, அதற்கும் மூத்த பிள்ளைக்கு 110. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 ஆண்டு இடைவெளி வேண்டும். தனியாக வாழும் பெண் ஆணையோ பெண்ணையோ எடுக்கலாம். தனியாக வாழும் ஆண் பெண் குழந்தையை எடுக்க இயலாது.

முறை வந்ததும் ஒரு குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் காட்டப்படும். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சம்மதித்தபின் நேரில் சென்று பார்த்து, குழந்தையை முதலில் வளர்ப்புப் பொறுப்பில் அழைத்துவருவர். முன்பு தத்து உத்தரவை நீதிமன்றம் பிறப்பித்தது. 2022 செப்டம்பர் முதல் நாளிலிருந்து மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அக்கா கையில் 2025இல் கிடைத்த உத்தரவில் மகள் என்றே இருந்தது. பிறப்புச் சான்றிதழிலும் அவர்கள் இருவர் பெயரே. அடைப்புக்குறி எதுவும் இல்லை. ஞானஸ்நானத்துக்கு முன் சபையின் ஐயர் உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1995இல் யாரும் எதையும் கேட்கவில்லை. இப்போது கேட்பதே நல்லது என்பேன்.

ஏனெனில் நம் கிறித்தவர்களிடையே இன்னொரு பழக்கம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்தார் டோனாவூரை மறக்க மாட்டார்கள். ஆமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் அங்கே எத்தனையோ ஆதரவற்ற பெண் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தார். பிள்ளைகள் அவரை அம்மா என்றே அழைத்தனர். 1951இல் இறந்து அங்கேயே அடக்கமானார். அப்படிப்பட்ட இல்லங்கள் செய்த தொண்டை எவரும் குறை சொல்ல இயலாது. அந்த நம்பிக்கையில்தான் இன்றும் சிலர், "தெரிந்த மடத்தில் சொல்லிவைத்தால் நல்ல குழந்தை கிடைக்கும்" என்கிறார்கள். இது சட்டப்படி குற்றம். நடைமுறையைத் தாண்டிக் குழந்தையைக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். அண்ணன், தங்கை முதலிய நெருங்கிய உறவினர் பிள்ளையை எடுப்பதானாலும் முறைப்படி பதிவு செய்து ஆட்சியரின் உத்தரவு பெற வேண்டும். நல்லெண்ணத்தால் எடுக்கும் குறுக்குவழி, பிற்காலத்தில் பிள்ளையையே மறுபடியும் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடும்.

இன்னொரு கருத்து வேற்றுமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்னை தெரசா நிறுவிய சகோதரிகள் சபையார் 2015இல், மணமாகாதவருக்கும் மணமுறிவு பெற்றவருக்கும் குழந்தைகளைத் தரவேண்டிய புதிய விதிகளைத் தம் மனச்சான்று ஏற்காது என்று கூறித் தத்தெடுப்புப் பணியிலிருந்து விலகிக்கொண்டனர். தாயும் தந்தையும் சேர்ந்த வீடே பிள்ளைக்கு வீடு என்பது அவர்கள் கொள்கை. அதை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. பெரியப்பா இறந்தபின் பெரியம்மா தனியாகவே அக்காவை வளர்த்தார். பார்வோன் மகளுக்குக் கணவன் இருந்ததாகவும் வேதம் சொல்லவில்லை.

நாட்டில் 2024-25இல் முறைப்படி தத்துப் போன குழந்தைகள் 4,515 பேர். வரிசையில் நிற்கும் பெற்றோரோ இதைப்போல் பல மடங்கு. பெரும்பாலோர் கேட்பது கைக்குழந்தை. ஆறு வயதையோ எட்டு வயதையோ தாண்டிய பிள்ளையும் உடற்குறையுள்ள பிள்ளையும் இல்லங்களிலேயே தங்கிவிடுகிறார்கள். நிறத்தைப் பார்ப்பவர் உண்டு. "எந்தச் சாதிப் பிள்ளை?" என்று, ஞாயிறு தவறாமல் சபைக்கு வருவோரே அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். "விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை" என்று அக்கா பதில் சொன்னாராம்.

தத்து எடுத்தபின் இரண்டாண்டுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்க்க வேண்டும். முதல் முறை வந்தபோது சின்ன அத்தையும் அங்கே இருந்திருக்கிறார். குழந்தைக்கு யார் யார் உறவு என்று பணியாளர் கேட்டு எழுதிக்கொண்டிருக்க, "பெரிய ஆச்சின்னு என் பேரையும் போடுங்க" என்றாராம். எழுதிக்கொண்டார்கள். அறிக்கையின் நகலை அக்கா எனக்குக் காட்டினார். பெயருக்கு நேரே உறவு என்ற கட்டத்தில் 'பாட்டி' என்று இருக்கிறது.